துணித் தோரணங்களுக்கு விருப்பக்குறிகள் குவிகின்றன, வாங்குவோர் வரவில்லை: சமூக ஊடகத்தை எப்படிப் பயன்படுத்துவது?

சரிகைக்கரை (செங்காங்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். பகலில் அலுவலக வேலை பார்க்கிறேன். மாலையிலும் வார இறுதியிலும் பழைய பட்டுச் சேலைகளின் கரைகளைக் கொண்டு வாசல் தோரணமும் தாம்பூலப் பையும் தீபாவளி அன்பளிப்பு உறையும் தைத்து விற்கிறேன். அம்மாவின் காஞ்சிபுரப் பட்டு ஒன்றில் உடல் முழுவதும் மடிப்புக்கு மடிப்பு இற்றுப்போய், கரை மட்டும் நேற்று நெய்ததுபோல் இருந்தது. அதைத் தூக்கிப் போட மனம் வராமல், கரையை வெட்டி மாவிலைகளும் இரண்டு கிளிகளுமாக எங்கள் வாசலுக்கு ஒரு தோரணம் தைத்தேன். எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுத் தம் மகளின் திருமணத்துக்கு 20 பைகள் கேட்டார். அங்கிருந்து இது தொழிலாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

இன்ஸ்டகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் பக்கம் வைத்திருக்கிறேன். இரண்டிலும் சேர்த்து 1,140 பேர் பின்தொடர்கிறார்கள். வாரத்துக்கு மூன்று பதிவுகள் தவறாமல் இடுகிறேன். ஆனால் சென்ற தீபாவளிக்கு விற்ற 31 தோரணங்களை வாங்கியவர்களில் ஏறக்குறைய அனைவருமே தெரிந்தவர்கள் அல்லது தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். இந்த ஆண்டாவது முகம் தெரியாதவர்களும் வாங்க வேண்டும் என்ற ஆசையில், சென்ற மாதம் 120 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவழித்து ஒரு பதிவை விளம்பரமாக்கினேன். தமிழ்ப் பண்பாட்டில் ஆர்வமுள்ளவர்கள் என்று தேர்ந்தெடுத்து, சிங்கப்பூர், இந்தியா, மலேசியா ஆகிய மூன்று நாடுகளையும் குறித்தேன். 900-க்கும் மேற்பட்ட விருப்பக்குறிகள் வந்தன. 14 பேர் செய்தி அனுப்பினார்கள். அவர்களில் 11 பேர் தமிழ்நாட்டுக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். விற்றது ஒரே ஒரு தோரணம்.

தீபாவளிக்கு இன்னும் 10 வாரங்கள் உள்ளன. ஒரு தோரணம் தைக்க நான்கு மணி நேரம் ஆகிறது. வாரத்தில் 20 மணி நேரம் ஒதுக்க முடிகிறது. விலை 38 வெள்ளி. வீட்டுக்கு அனுப்பும் செலவை நானே ஏற்கிறேன். துணி, உள்துணி, பஞ்சு, மணி எல்லாம் சேர்த்து ஒரு தோரணத்துக்கு 7 வெள்ளியும், அனுப்புவதற்கு 4 வெள்ளியும் ஆகின்றன. இதுவரை வாங்கியவர்களின் பெயரும் கைப்பேசி எண்ணும் ஒரு குறிப்பேட்டில் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 84 பேர்.

மீண்டும் விளம்பரம் செய்யலாமா, டிக்டாக்கிலும் கணக்குத் தொடங்க வேண்டுமா, விலையைக் குறைத்தால் வாங்குவார்களா, தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்று கேள்விகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சமூக ஊடகத்தில் பெயர் பெற்ற ஒருவர், ஒரு தோரணத்தை இலவசமாகக் கொடுத்து மேற்கொண்டு 150 வெள்ளியும் தந்தால் காணொளி போடுவதாகச் சொல்கிறார். இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

கணக்கும் விளம்பரமும் (புக்கிட் பாத்தோக்) எழுதியது:

வணக்கம் சகோதரி. சிறு கடைகளுக்கு இணைய விளம்பரம் அமைத்துத் தரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நீங்கள் எண்களோடு எழுதியிருப்பதால் எண்களைக் கொண்டே பதில் சொல்ல முடிகிறது.

முதலில் அந்த 120 வெள்ளி எங்கே போயிற்று என்று பார்ப்போம். இந்தத் தளங்களில் விளம்பர இடம் ஒவ்வொரு முறையும் ஏலத்தில் போகிறது. சிங்கப்பூரில் ஒருவருடைய கண்ணில் படுவதற்கு ஆகும் செலவைவிட இந்தியாவில் ஆகும் செலவு மிகக் குறைவு. மூன்று நாடுகளையும் ஒரே விளம்பரத்தில் சேர்த்துவிட்டால், கொடுத்த பணத்துக்கு முடிந்த மட்டும் அதிக விருப்பக்குறிகளைத் திரட்டுவதற்காக, அந்தக் கணினி முறை பணத்தை மலிவான பக்கமாகவே திருப்பிவிடும். மேலும், ஒரு பதிவை அப்படியே விளம்பரமாக்கும் பொத்தானை அழுத்தி, ஈடுபாட்டை நோக்கமாக வைத்தால், கண்ணில் படும் படத்துக்கெல்லாம் விருப்பக்குறி இடும் பழக்கமுள்ளவர்களையே அது தேடிப் பிடிக்கும். அவர்கள் பொருள் வாங்குகிறவர்களா என்று பார்க்காது. ஆகவே உங்கள் தோரணத்தில் குறை இருக்கிறது என்று மனம் தளர வேண்டாம். அதை வாங்கி வாசலில் கட்ட முடியாத தொலைவில் இருப்பவர்களுக்கு அது காட்டப்பட்டது, அவ்வளவே.

அடுத்ததாக, எத்தனை பேர் வாங்க வேண்டும் என்று எண்ணுவதற்கு முன்னால் எத்தனை தைக்க முடியும் என்று எண்ணுங்கள். 10 வாரங்களுக்கு, வாரம் 20 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். படமெடுப்பது, கேட்டவர்களுக்குப் பதில் சொல்வது, பொட்டலம் கட்டுவது, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் காத்திருந்து கொடுப்பது என்று கால்பங்கு போய்விடும் என்று வைத்துக்கொண்டால், தைப்பதற்கு 150 மணி நேரம் மிஞ்சும். நான்கால் வகுத்தால் 37 தோரணங்கள். இந்தத் தீபாவளிக்கு உங்களுக்கு வேண்டியவர்கள் 37 பேர். பின்தொடர்பவர்களை 1,140 பேரிலிருந்து 10,000 பேராக்குவதற்காக நீங்கள் செலவழிக்கும் ஒவ்வொரு மாலையும் அந்த 37-இலிருந்துதான் கழியும். சமூக ஊடக விற்பனையைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, ஆலையில் செய்து கிடங்கில் அடுக்கிய சரக்கை விற்பவர்களுக்காகச் சொல்லப்பட்டவை. ஊசியும் நூலும் வைத்துக்கொண்டு ஒருவராகவே உழைப்பவருக்கு அவை பொருந்துவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த 37 பேரைத் தேடும் வேலையைக் குறிப்பேட்டிலிருந்து தொடங்குங்கள். 84 பேர் ஏற்கெனவே பணம் கொடுத்து வாங்கி, உங்கள் தையலைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள். வாட்ஸ்அப் வணிகச் செயலியில் உங்கள் பொருள்களைப் படமும் விலையுமாக அடுக்கி வைக்கும் வசதி உண்டு; அதை முதலில் நிரப்பிவிடுங்கள். அதன் பிறகு ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே செய்தியை எல்லாருக்கும் அனுப்பும் பட்டியல் வசதியில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஒரு நாளைக்கு பத்துப் பேர் என்று வைத்தால் ஒன்பது நாளில் முடிந்துவிடும்.

விலையைக் குறைப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 38 வெள்ளியில் பொருளுக்கு 7, அனுப்ப 4 போக 27 வெள்ளி நிற்கிறது. தைக்க நான்கு மணி நேரம், மற்ற வேலைகளுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் என்று சேர்த்துப் பார்த்தால், உங்களுக்கு மணிக்கு 5 வெள்ளிதான் கிடைக்கிறது. இதற்குக் கீழே இறங்கினால் இன்னும் அதிகம் பேர் கேட்பார்கள். ஆனால் தைத்துக் கொடுக்க உங்களால் முடியாது. விலையை ஏற்ற வேண்டும் என்பதே என் கருத்து. அனுப்பும் செலவையும் தனியாக வாங்குங்கள்.

இவை எல்லாம் முடிந்த பிறகும் அந்த 37-இல் இடம் மிஞ்சினால் விளம்பரம் செய்யலாம். அப்போது ஃபேஸ்புக்கின் விளம்பர மேலாளர் (Ads Manager) பகுதிக்குள் போய், சிங்கப்பூரை மட்டும் குறித்து, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்ப வைப்பதை நோக்கமாக வையுங்கள். ஒரு நாளைக்கு 5 வெள்ளி, ஒரு வாரம், இரண்டே இரண்டு படங்கள் போதும். செய்தி அனுப்பும் ஒவ்வொருவரிடமும் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் குறிப்பேட்டில் பெயருக்கு எதிரே எழுதிவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் மென்பொருள் வைத்துச் செய்வதை, 37 பேருக்கு ஒரு பேனாவே செய்துவிடும்.

நூல்வளையல் (ஈசூன்) எழுதியது:

அன்புத் தங்கைக்கு வணக்கம். நான் பட்டுநூல் வளையல் செய்து விற்கிறேன், ஏழாவது ஆண்டு இது. மேலே எழுதியிருக்கும் சகோதரர் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் படத்தைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பட்டும் சரிகையும் கைப்பேசிக்கு எளிதில் அகப்படாத பொருள்கள்.

இரவில் குழல்விளக்கின் கீழ் எடுத்த சரிகை சாம்பல் நிறமாகத் தெரியும். கைப்பேசியின் மின்னொளியைப் போட்டு எடுத்தால் வெள்ளைத் தகடுபோல் வெளுத்துவிடும். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் இப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். காலை எட்டரை மணி வாக்கில், வெயில் நேராக விழாத பொது நடைபாதையில், கதவுக்கு வெளியே நின்று எடுத்துப் பாருங்கள். தோரணம் ஒளிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். கைப்பேசித் திரையில் சரிகையின் மீதே விரலை வைத்து அழுத்தி, ஒளி அளவைச் சற்றுக் கீழே இறக்கினால், சரிகைக் கம்பியின் முறுக்குகூட எண்ணும்படி தெரியும். அரக்குச் சிவப்பு ஆரஞ்சாக மாறிவிடுகிறதா என்று துணியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுப் பதிவிடுங்கள். நிறம் மாறிப்போனால் வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

தோரணத்தை மேசைமேல் விரித்து எடுப்பதைவிட, வாசலில் கட்டி, இரும்புக் கம்பிக் கதவும் தெரியும்படி எடுப்பது நல்லது. நம் ஊரில் வாங்குகிறவர்களின் மனத்தில் எழும் முதல் கேள்வி இது என் வாசலுக்கு அளவாக இருக்குமா என்பதுதான். இரண்டாவது, ஆணி அடிக்காமல் எப்படி மாட்டுவது என்பது. ஆகவே ஓர் அளவுநாடாவைக் கதவு நிலையின் குறுக்கே பிடித்து, பிறகு தோரணத்தின் நீளத்தைக் காட்டி, ஒட்டும் கொக்கிகளைப் பதித்து மாட்டுவது வரை இருபது வினாடிக்குள் ஒரு காணொளி எடுத்துவிடுங்கள். இன்ஸ்டகிராம் பக்கத்தின் மேற்புறத்தில் மூன்று பதிவுகளை நிலையாக நிறுத்தி வைக்கலாம். அந்த மூன்றில் ஒன்று இந்த அளவுக் காணொளியாகவும், ஒன்று விலைப் பட்டியலாகவும், ஒன்று தீபாவளிக்குக் கடைசியாக ஏற்கும் நாளாகவும் இருக்கட்டும். விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பலர் போய்விடுகிறார்கள். நானே அப்படிப் பல கடைகளைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

முடிந்த பொருளைக் காட்டுவதோடு, அது உருவாவதையும் காட்டுங்கள். இற்றுப்போன பட்டிலிருந்து கத்தரிக்கோல் கரையைப் பிரித்தெடுப்பது, கிளியின் வயிற்றில் பென்சில் முனையால் பஞ்சைத் தள்ளுவது, அலகுக்குச் சிவப்பு நூலில் ஒரு முடிச்சுப் போடுவது ஆகியவற்றைப் பார்த்தவருக்கு, 38 வெள்ளி எங்கே போகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. முகத்தைக் காட்ட வேண்டிய கட்டாயமும் கிடையாது, கைகளே போதும். பின்னணிக்குத் தையல் இயந்திரத்தின் ஒலியையே விட்டுவிடலாம். திரைப்படப் பாடல்களைச் சேர்க்க வேண்டாம். வணிகக் கணக்குகளுக்கு அந்தப் பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை பொதுவாகக் கிடையாது, தளங்கள் தரும் வணிகப் பயன்பாட்டு இசைத் தொகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

டிக்டாக்குக்கு என்று தனியாக எதையும் எடுக்காதீர்கள். நிமிர்ந்த வடிவில் எடுத்த அதே காணொளியை இன்ஸ்டகிராம், டிக்டாக் இரண்டிலும் போடலாம். ஆனால் ஒன்றில் ஏற்றியதைத் தரவிறக்கி மற்றதில் போடாமல், கைப்பேசியில் இருக்கும் மூலத்தையே போடுங்கள்; வேறு தளத்தின் முத்திரை பதிந்த காணொளிகளைக் குறைவாகவே பரிந்துரைப்பதாக இன்ஸ்டகிராம் 2021-இல் அறிவித்திருக்கிறது.

மொழியைப் பொறுத்தவரை என் அனுபவம் இது. தமிழ் வாசகத்தைப் படித்துவிட்டு அம்மாக்கள் மகள்களுக்கு அனுப்புகிறார்கள்; மகள்கள் ஆங்கிலத்தில் விவரம் பார்த்துப் பணம் அனுப்புகிறார்கள். இரண்டும் வேண்டும். தேடும்போது இளையவர்கள் "தோரணம்" என்ற சொல்லையே ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்து வடிவங்கள் எல்லாம் உங்கள் பதிவுகளில் மாறி மாறி இடம்பெற வேண்டும். வட இந்தியக் குடும்பங்கள் இதைத் "தோரண்" என்றும் "பந்தன்வார்" என்றும் தேடுவார்கள். அந்த இரண்டு சொற்களைச் சேர்த்த ஆண்டில்தான் எனக்குக் குஜராத்தி வாடிக்கையாளர்கள் அமைந்தார்கள்.

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் கதையே அம்மாவின் சேலையிலிருந்து தொடங்குகிறது. அதையே தொழிலின் நடுவில் வைத்து, வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டுப் பழைய சேலையைக் கொண்டுவந்தால் அதில் தோரணம் தைத்துத் தருவதாக அறிவித்துப் பாருங்கள். துணிச் செலவு குறையும், விலையும் கூடுதலாக வாங்கலாம். எந்த ஆலையும் அதை உங்களோடு போட்டி போட்டுச் செய்ய முடியாது.

சரிகைக்கரை எழுதியது:

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மிக்க நன்றி. 37 என்ற எண்ணைப் படித்தவுடன் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைத் தினமும் காலையில் எழுந்தவுடன் பார்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை நடைபாதையில் ஒரு தோரணத்தைக் கட்டிப் படமெடுத்தேன். அக்கா சொன்னதுபோல் ஒளியைக் குறைத்தபோது, கரையிலிருந்த ருத்திராட்சப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. மூன்றாண்டாக இதே துணியைத்தான் படமெடுத்து வந்திருக்கிறேன், ஒரு முறைகூட அவை படத்தில் விழுந்ததில்லை.

இரண்டு ஐயங்கள் மட்டும். 84 பேருக்கும் நானாக எழுதுவது முறையா? அவர்கள் எண்ணைக் கொடுத்தது பொருளைப் பெற்றுக்கொள்வதற்காக. மேலும், பண்டிகை நெருங்கும்போது அடுத்த அடுக்குமாடி புளோக்கில் இருக்கும் ஓர் ஆன்ட்டியை உதவிக்கு வைத்துக்கொண்டால் 37 என்பது 60 ஆகாதா?

தேக்காவாசி எழுதியது:

வணக்கம் அம்மா. சிராங்கூன் சாலைப் பக்கம் முப்பது ஆண்டுகள் கடை நடத்தி ஓய்வு பெற்றவன். விளம்பர நுணுக்கங்களைப் பேச மற்றவர்கள் இருக்கிறார்கள்; நான் உங்கள் இரண்டு ஐயங்களுக்கும் வருகிறேன். தொழில் வளர்ந்த பிறகு சட்டதிட்டங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டுத் தடுமாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். சமூக ஊடகத்தில் வந்துவிட்டால் உங்கள் தொழில் எல்லாருடைய கண்ணிலும் படும்.

வீவக வீட்டிலிருந்து இதுபோன்ற சிறுதொழில் செய்வதற்குக் கழகத்தின் தனி அனுமதி வேண்டியதில்லை. ஆனால் நிபந்தனைகள் உண்டு. அந்த வீட்டில் வசிக்காதவரை வேலைக்கு வைத்துக்கொள்ளக்கூடாது; வாசலில் பெயர்ப்பலகையோ விளம்பரமோ மாட்டக்கூடாது; அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் அளவுக்கு ஆள் நடமாட்டமோ சத்தமோ சரக்குக் குவியலோ இருக்கக்கூடாது. ஆகவே அடுத்த புளோக் ஆன்ட்டியை உங்கள் வீட்டில் வைத்துத் தைக்க முடியாது. 37 என்பதையே உங்கள் எல்லையாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பொருளைப் பெற வருகிறவர்களையும் வீட்டு வாசலுக்கு வரச் சொல்லாமல் எம்ஆர்டி நிலையத்திலோ கீழ்த்தளத்திலோ சந்திப்பது நல்லது.

எண்களைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. 2012-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒருவர் ஒரு காரியத்துக்காகக் கொடுத்த விவரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த அவருடைய ஒப்புதல் வேண்டும். விளம்பரச் செய்தி வேண்டாம் என்பவர்கள் தங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளும் பதிவேடும் 2014 முதல் நடப்பில் உள்ளது. அதனால் முதலில் தோரணம் நன்றாக இருக்கிறதா என்று நலம் விசாரித்து, தீபாவளிக்குப் புதிதாகத் தைத்தவற்றின் படங்களை அனுப்பலாமா என்று கேளுங்கள். சரி என்றவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள். வேண்டாம் என்றவரின் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டு மறுபடி தொல்லை செய்யாதீர்கள். இனி வாங்குகிறவர்களிடம், எண்ணை வாங்கும்போதே இந்த ஒப்புதலையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பெட்டிக்கடைக்காரர் ஒரு வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் பண்புதான் இது, சட்டம் அதை எழுதி வைத்திருக்கிறது.

படத்திலும் ஒரு கவனம் தேவை. வாடிக்கையாளரின் வாசலில் தொங்கும் தோரணத்தைப் பதிவிடும்போது, கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டு எண் தெரியாமல் வெட்டிவிடுங்கள். அவர் அனுப்பிய படமாகவே இருந்தாலும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சொந்த முழுப் பெயரில் அல்லாமல் வேறு பெயரில் தொழில் நடத்துவதாக இருந்தால், தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தால் கிடைக்கும் அடையாள எண்ணைக் கொண்டு, கைப்பேசி எண்ணைத் தராமல் தொழிலின் பெயரிலேயே பேநவ் என்ற வங்கிப் பணப் பரிமாற்ற முறை வழியாகப் பணம் பெறலாம். முகம் தெரியாதவர்கள் பணம் அனுப்பும்போது, திரையில் தொழிலின் பெயர் தெரிவது அவர்களுக்கு ஒரு தைரியம். வருமானத்தை வரி அறிக்கையில் காட்டுங்கள், கணக்கு ஏடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருங்கள். பொருள் சேவை வரிக்குப் பதிவது ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் கட்டாயம். அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்ற பெண்களுக்காக ஒன்று: கணவரின் வேலையைச் சார்ந்து, சார்ந்திருப்போர் அட்டையில் இங்கே வந்திருப்பவர்கள் இப்படி விற்பனையில் இறங்குவதற்கு முன்னால் மனிதவள அமைச்சின் விதிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து அவர்கள் வேலை செய்யத் தனி வேலை அனுமதி தேவைப்படுகிறது.

மண்பாண்டம் (பாசிர் ரிஸ்) எழுதியது:

அந்த 150 வெள்ளிக் காணொளியைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கையால் வனைந்த அகல்விளக்குகளை விற்கிறேன். இதேபோல் ஒருவருக்கு 24 விளக்குகளையும் பணத்தையும் கொடுத்தேன். காணொளியைப் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். எனக்கு இரண்டு விசாரணைகள் வந்தன, ஒன்றும் விற்கவில்லை. அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அவருடைய நகைச்சுவைக்காக வந்தவர்கள். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை, கேட்காமல் கொடுத்தது நான். கொடுப்பதற்கு முன்னால், பின்தொடர்பவர்களில் எத்தனை விழுக்காட்டினர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள் என்ற பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் விட்டுவிடுங்கள். கொடுப்பதாக முடிவு செய்தாலும், அது பணம் பெற்றுச் செய்த காணொளி என்பதை அவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இங்குள்ள விளம்பர நெறிமுறை அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி அதைத்தான் கேட்கிறது.

நூல்வளையல் அக்கா சொன்னதில் ஒன்றே ஒன்றில் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. சேலையைக் கொண்டுவரச் சொல்வது அழகான யோசனைதான், ஆனால் பிறர் வீட்டுப் பொருளில் கத்தரி வைப்பது பெரிய பொறுப்பு. எந்த இடத்தில் வெட்டப் போகிறீர்கள் என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் படம் அனுப்பி, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே வெட்டுங்கள். மிச்சத் துணியைத் திருப்பிக் கொடுங்கள்.

தீபாவளிக்கு ஏறக்குறைய நான்கு வாரம் முன்பே நவராத்திரி வந்துவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். கொலு வைப்பவர்கள் ஒரே சமயத்தில் 20, 30 தாம்பூலப் பைகள் வாங்குவார்கள். ஆகவே உங்கள் முதல் பதிவுகள் தோரணத்தைவிடப் பையைக் காட்டுவது பொருத்தம்.

இன்னொரு எச்சரிக்கை. பண்டிகைக் காலத்தில், பதிப்புரிமையை மீறிவிட்டீர்கள், 24 மணி நேரத்தில் பக்கம் முடக்கப்படும் என்று ஒரு செய்தி இணைப்போடு வரும். அதைத் தொட்டுக் கடவுச்சொல்லைக் கொடுத்த என் தோழியின் பக்கம் தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு கைமாறிப் போயிற்று. ஐந்து ஆண்டுப் படங்கள் திரும்பி வரவே இல்லை. கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இன்றே போட்டுவிடுங்கள். பேநவ் செய்துவிட்டதாக யாராவது படம் அனுப்பினால், வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். எதுவும் சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-ஐ அழைத்துக் கேட்கலாம்.

சரிகைக்கரை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி.

தேக்கா ஐயா சொன்ன முறையில் 84 பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். 51 பேர் படம் அனுப்பச் சொன்னார்கள், மூவர் வேண்டாம் என்றார்கள், மற்றவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. தோரணத்தின் விலையை 52 வெள்ளியாக்கி, அனுப்பும் செலவைத் தனியாக எழுதினேன்; கை நடுங்கிக்கொண்டேதான் எழுதினேன். விலை கூடிவிட்டது என்று இருவர் சொன்னார்கள். 16 தோரணங்களுக்கு முன்பணம் வந்துவிட்டது, நவராத்திரிக்கு 45 பைகளும் கேட்டிருக்கிறார்கள். பைகளுக்கான நேரத்தையும் கழித்துப் பார்த்தால் தோரணத்துக்கு இன்னும் 9 இடங்கள்தான் இருக்கின்றன. அதனால் விளம்பரத்துக்கு இந்த ஆண்டு பணம் செலவழிக்கப் போவதில்லை. காணொளிக்கு 150 வெள்ளி கேட்டவரிடமும் வேண்டாம் என்று பணிவாகச் சொல்லிவிட்டேன்.

16-இல் ஐந்து, சேலையைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுடையவை. அவற்றில் ஒன்று ஜூரோங்கில் இருக்கும் ஓர் அம்மாவின் மணச்சேலை, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. முந்தானை ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கிறது. சுண்ணக்கட்டியால் கோடு போட்டுப் படம் அனுப்பியதற்கு, கறை இருக்கும் பகுதியும் தோரணத்தில் வரும்படி கோட்டை மூன்று அங்குலம் தள்ளிப் போடச் சொன்னார். முதல் வெட்டு வெட்டும்போது மகளோடு வந்து பார்க்கலாமா என்றும், அதைக் காணொளியாக எடுத்துப் பக்கத்தில் போடுவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றும் எழுதியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நடைபாதையில் அப்போதுதான் ஒளி நன்றாக இருக்கும்.